பூசைக்கு முன் ஒரு பிஸ்கட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதம். கத்தரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். நெம்மேலியைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், கடலோரமாக இருக்கிறது எங்கள் பங்குக் கோவில். அங்கே பிள்ளைகளுக்குப் புது நன்மை கொடுக்க நாள் குறித்திருந்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். என் மகளுக்கும் அந்த வருடம்தான்.

அதற்கு முன்னால் என் பிஸ்கட் கதையைச் சொல்லிவிடுகிறேன். நற்கருணை வாங்குகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது திருச்சபையின் ஒழுங்கு. நான் என்ன செய்வேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். பசிக்காக இல்லை. நற்கருணை நேரத்தில் எல்லாரும் எழுந்து வரிசையில் போவார்கள். நான் மட்டும் பெஞ்சில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் "நீங்க போகலையா?" என்று கேட்டால், "சாப்பிட்டுட்டேங்க" என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை பாருங்கள். பூசைக்குப் போய்ப் பொய் சொல்ல எனக்கு மனசு வராது.

ஏன் இந்தக் கூத்து என்றால், நான் விவாகரத்து ஆனவள். விவாகரத்து ஆனாலே நற்கருணை கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோர்ட்டில் பிரிந்தவர் தனியாக வாழ்ந்தால் தாராளமாக வாங்கலாம். நானும் சில காலம் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். என் சிக்கல் அடுத்த படியில் வந்தது. நான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டேன்.

முதல் கல்யாணம் திண்டுக்கல் பக்கம், எங்கள் சொந்த ஊர்க் கோவிலில் நடந்தது. பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, ஊரையே கூட்டிச் செய்தார்கள். வேலைக்காக இந்தப் பக்கம் வந்தோம். ஒருநாள் அவர், "வெக்கையா இருக்கு" என்று சொல்லி ஹாலில் தனியாகப் பாய் விரித்தார். அப்புறம் வீட்டுக்கு வருவதே குறைந்தது. அப்புறம் வரவே இல்லை. கைக்குழந்தையோடு செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அலைந்து அலைந்து ஒருவழியாக விவாகரத்து வாங்கினேன்.

இப்போதைய என் கணவர் நான் வேலை பார்க்கிற சிறுசேரி கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர். இந்தக் கடற்கரைக் குப்பத்து மனிதர், மீன்பிடிக் குடும்பம், இந்து. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். அவர்கள் பக்கம் அப்பாவை நைனா என்பார்கள். என் மகளும் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள். பெற்றவனை அவளுக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு நைனாதான் எல்லாம்.

ஆனால் கோர்ட்டு பிரித்து வைத்தாலும், கோவிலில் செய்த கல்யாணம் திருச்சபையைப் பொறுத்தவரை அப்படியே நிற்கிறது. அது ஆரம்பத்திலேயே செல்லாத கல்யாணம் என்று திருச்சபையே விசாரித்துச் சொல்கிற வரைக்கும், இன்னொருவரோடு குடும்பம் நடத்துகிறவர் நற்கருணை வாங்கக் கூடாது. இது தெரிந்துதான் பிஸ்கட்டைக் கையில் எடுத்தேன். எங்கள் பங்குக் கோவிலில் யாருக்கும் என் பழைய கதை தெரியாது. வேற்று மதத்தவரை, திருச்சபையிடம் முறைப்படி அனுமதி வாங்கிக் கட்டியிருக்கிறாள் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

புது நன்மைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மறைக்கல்வி சிஸ்டர் பெற்றோரையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார். "பிள்ளை நடுவுல வரணும், அம்மா அப்பா ரெண்டு பக்கமும். பிள்ளை நற்கருணை வாங்கினதும் நீங்களும் வாங்கணும். வேற மதத்துக்காரங்க சும்மா கூட நின்னா போதும். முந்தின நாள் சனிக்கிழமை பெற்றோரும் ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்க, பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துடுங்க" என்றார். முன்வரிசையில் இருந்த என் மகள் திரும்பி என்னைப் பார்த்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

நான் வாங்க முடியாதது ஒரு பக்கம் கிடக்கட்டும், அது பழகிப்போன வலி. நான் நடுங்கியது வேறு விஷயத்துக்கு. ஏன் வாங்கவில்லை என்று ஆரம்பித்தால் எல்லாம் வெளியே வரும். வந்தால், 'தாயே ஒழுங்கா வாழல, பிள்ளைக்கு எதுக்குப் புது நன்மை' என்று என் மகளை நிறுத்திவிட்டால்? அவளோ தரையிலேயே நிற்கவில்லை. வெள்ளை கவுன் தைத்து வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் அப்பளத்தை வட்டமாக உடைத்து வைத்துக்கொண்டு பயிற்சி நடக்கும். நைனாதான் குருவானவர். அவர் நிமிர்ந்து நின்று, "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சுத்தத் தமிழில் சொல்வார். இவள் "ஆமென்" என்று சொல்லிவிட்டு நொறுக்கென்று கடிப்பாள். "பாப்பா, கடிக்காத, மெதுவா முழுங்கு" என்று அவர் கண்டிப்பார். நான் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கையில் எடுத்த வேலை ஓடாது.

ஒருநாள் அவரிடம் கொட்டிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ இன்னா மே தப்பு பண்ண? வுட்டுட்டு ஓனவன் அவன்."

"சட்டம் அப்படித்தாங்க. கோவில் கல்யாணம் நிக்குது."

"அப்ப என்னைக் கட்டிக்கினதாலதான் உனக்கு அப்பம் இல்லையா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஃபாதராண்ட போய் சொல்லிப் பாரேன்" என்றார். "சொல்லி, பாப்பா பேரை எடுத்துட்டாங்கன்னா?" என்றேன்.

அதற்கு ஓரிரண்டு நாள் கழித்து, தலையணையையும் பாயையும் சுருட்டிக்கொண்டு நின்றார். "ஒரே புழுக்கமா கீது மே. மாடில படுத்துக்குறேன்" என்றார். மேலே மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. இந்தப் பாயை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். இந்த வெக்கைப் பேச்சையும் கேட்டிருக்கிறேன். மறுநாளும் மாடிதான், அதற்கடுத்த நாளும் மாடிதான். பேச்சில் ஒரு குறையும் இல்லை. பாப்பாவுக்கு அப்பளமும் உடைத்தார். ஆனால் என் பக்கத்தில் உட்கார மாட்டார். சோற்றுத் தட்டை வாங்கும்போதுகூட விரல் படாமல் வாங்கினார். இந்தச் சட்டமும் சம்பிரதாயமும் வேண்டாம் என்று மனுஷனுக்கு வெறுத்துப்போய்விட்டது போல என்று நினைத்தேன். கேட்டுவிடலாம்தான். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை. ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தேன்.

புது நன்மைக்கு முந்தின ஞாயிறு. வழக்கம்போல் கிளம்பும்போது பிஸ்கட் டப்பாவைத் தேடினேன். காணோம். அலமாரி, பரண், ஃப்ரிட்ஜ் எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டில் ஒரு ரஸ்க்கூட இல்லை. மகள் கதவோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாம்மா ஒளிச்சு வச்சேன். ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. நீ எப்பப் பார்த்தாலும் மறந்துட்டு சாப்பிட்டுடற. அடுத்த வாரம் என்கூட வாங்கணும்ல, இப்பவே பழகிக்க."

அவளுக்கு நான் மறதிக்காரி. அவ்வளவுதான். திட்டவும் முடியாமல், சொல்லவும் முடியாமல் வெறும் வயிற்றோடு கோவிலுக்குப் போனேன்.

நற்கருணை நேரம் வந்தது. என் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்தார்கள். பக்கத்தில் எப்போதும் உட்காருகிற அக்கா, எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தை நடத்துகிறவர், வாயாடி என்றாலும் நல்லவர், என் தோளைத் தட்டி, "எழும்புங்க, நேரமாச்சு" என்றார். சாப்பிட்டுட்டேங்க என்று சொல்ல வாய் வந்தது. இரண்டு வரிசை தள்ளி மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரியும். கால் தானாக எழுந்துகொண்டது. வரிசையில் நின்றுவிட்டேன்.

வரிசை நகர்ந்தது. "கிறிஸ்துவின் திருவுடல்", "ஆமென்". இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. வாங்கிவிட்டால் என்ன, யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு மனசு சொன்னது. எனக்குத் தெரியுமே என்று இன்னொரு மனசு கத்தியது. எனக்கு முன்னால் நின்ற பெண் கையை நீட்டினார். அவ்வளவுதான். வரிசையை விட்டு விலகிப் பக்கத்து வாசல் வழியாக வெளியே ஓடினேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பூவரச மரத்தடியில் அவர் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் எங்களை இறக்கிவிட்டு அங்கேதான் நிற்பார்.

"இன்னா ஆச்சு மே? மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்று பதறிப்போய்க் கிட்டே வந்தார். தோளைத் தொடக் கையை நீட்டினார். பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டார். நான் அழுதது எதற்கு என்று அவர் நினைத்தாரோ தெரியாது. எனக்கு அந்த இழுத்துக்கொண்ட கைக்காகத்தான் அழுகை வந்தது.

அந்த வாரம் எப்படி ஓடியது என்று கேட்காதீர்கள். மகள், "ஏம்மா ஓடிட்ட?" என்று கேட்டாள். "தலை சுத்துச்சு" என்றேன். "சாப்பிடாததாலயா?" என்று கேட்டு அவளே பயந்துபோனாள். அதைப் பார்த்தபிறகுதான், இனி இந்த ஒளிந்து விளையாடும் வேலை ஆகாது, எது வந்தாலும் ஃபாதரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் முடிந்து எல்லாரும் கிளம்பும்வரை காத்திருந்தேன். எங்கள் பங்குத்தந்தை என்னைவிட வயதில் சின்னவர். வராந்தாவில் நாற்காலிகளை ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். நேரே போய், "ஃபாதர், என் மகள் பேரை மட்டும் எடுத்துடாதீங்க" என்றேன்.

"பேரை யாரு எடுக்கப் போறது? முதல்ல உக்காருங்கம்மா" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட்டையும் விடவில்லை. அவர் ஆச்சரியமே படாமல் கேட்டார். முடித்ததும், "அம்மா அப்பா கல்யாணத்துல என்ன சிக்கல் இருந்தாலும் பிள்ளைக்கு அதைக் காரணம் காட்டித் தடை போட மாட்டோம்மா. அவ நல்லா தயாரா இருக்கா" என்றார். பல நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்க வீட்டுக்காரர் ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டார். உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நெனச்சேன்."

"அவரா? எதுக்கு வந்தார்?"

"என்னாலதானே அவளுக்கு அப்பம் கெடைக்கல, நான் இன்னா பண்ணணும் சாமின்னு கேட்டார். இருக்கிற வழிகளைச் சொன்னேன். முதல் கல்யாணம் செல்லாததுன்னு மறைமாவட்டத் தீர்ப்பாயம் விசாரிச்சுச் சொல்லணும், அது ஒரு வழி. அதுக்கு நாளாகும்னேன். வேற வழியே இல்லையான்னு விடாம கேட்டார். அதனால அதையும் சொன்னேன்." ஃபாதர் தரையைப் பார்த்துக்கொண்டார். "ரெண்டு பேரும் மனசார முடிவு பண்ணி, ஒரே வீட்டுல அண்ணன் தங்கச்சி மாதிரி வாழ்ந்தா, நற்கருணை வாங்க வழி இருக்குன்னு."

நானும் தரையைப் பார்த்தேன். "அதுக்கு அவர் என்ன சொன்னார் ஃபாதர்?"

"அவ்ளோதானா சாமின்னு கேட்டுட்டு, கும்பிட்டுட்டுப் போயிட்டார்."

மாடியில் விரித்த பாய், விரல் படாமல் வாங்கிய தட்டு, பாதியில் இழுத்துக்கொண்ட கை, எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். விட்டுப் போகத்தான் பாயைச் சுருட்டுகிறார் என்று நான் இங்கே செத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் அங்கே எனக்காக ஒற்றை ஆளாக நோன்பு இருந்திருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் ஃபாதருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அது ஒருத்தர் மட்டும் எடுக்கிற முடிவு இல்லம்மா. நாளைக்கு ஒரு நாளுக்காகச் செய்யறதும் இல்ல. ரெண்டு பேரும் பேசணும்" என்றார். பிறகு முதல் கல்யாணத்தைப் பற்றி மெதுவாக விசாரித்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே முதல் கணவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருந்ததையும், வீட்டுக் கட்டாயத்துக்காகத்தான் தாலி கட்டினேன் என்று அவரே என்னிடம் சொன்னதையும் சொன்னேன். அதைத் தீர்ப்பாயத்தில் சொல்லலாம், விசாரிப்பார்கள், முடிவு எப்படி வரும் என்று இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

"செல்லாதுன்னு சொல்லிட்டா என் மகள் யாரு ஃபாதர்?" என்று கேட்டேன். அந்தப் பயமும் உள்ளே இருந்தது.

"அவ பிறப்புக்கு அதனால ஒரு குறையும் வராது. திருச்சபைச் சட்டமே அதைத் தெளிவா சொல்லுது."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு உங்களுக்கு நற்கருணை கொடுக்கிறேன்னு என்னால சொல்ல முடியலம்மா. ஆனா பிள்ளைகூட ரெண்டு பேரும் பீடத்துக்கு வாங்க. கையை மார்புல குறுக்கா வச்சுக்கிட்டா ஆசீர்வாதம் கொடுப்பேன்."

வலித்தது. கோபமும் வந்தது. "விட்டுட்டுப் போனது அவர். நான் ஏன் ஃபாதர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்?" என்று கேட்டே விட்டேன். ஃபாதர் கோபப்படவில்லை. "நியாயமான கேள்விதான். உங்க மனசு ஆறுற மாதிரி ஒரு பதில் என்கிட்ட இல்லம்மா" என்றார். ஏதாவது சப்பைக்கட்டு கட்டியிருந்தால் அங்கேயே எழுந்து வந்திருப்பேன்.

வெளியே வந்தேன். என் கணவர் மரத்தடியில் நின்றிருந்தார். கிட்டே போய், "இன்னிக்கு மாடியில படுக்க வேண்டாம்" என்றேன்.

முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "சாமி சொல்லிட்டாரா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நீ ஒத்துக்க மாட்ட. பாப்பா கூட நீ அப்பம் வாங்கணும், அவ்ளோதான் எனக்கு."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நீங்களும் அவரை மாதிரி…"

புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், "நானா? உன்னை வுட்டுட்டு எங்க மே போவேன்?" என்று சொன்னவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடற்காற்று மண்ணை வாரி இறைத்தது, கண்ணில் மண் விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார். தீர்ப்பாயத்துக்கே போவது, எத்தனை நாளானாலும் காத்திருப்பது என்று அங்கேயே பேசி முடித்தோம்.

ஞாயிறு காலையில் மகளிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் வயதுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு. "அம்மா இன்னிக்கு வாங்க முடியாதும்மா. கோவில்ல ஒரு காரியம் முடியணும். ஆனா உன்கூட வருவேன்." முகம் சுருங்கியது. உள்ளே போனவள் அரிசி டிரம்முக்குள்ளிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து நீட்டினாள். "அப்ப நீ சாப்பிட்டுக்கம்மா. இல்லன்னா அன்னிக்கு மாதிரி தலை சுத்தும்."

"வேண்டாம். இன்னிக்கு சாப்பிடாமலே வரேன்" என்றேன். அடுப்படியில் அவருக்குப் போட்ட டீ ஆறிக்கொண்டிருந்தது. "நீங்க குடிக்கலையா?" என்றேன். "நானும் ஒண்ணும் துண்ணல மே. பூசை முடிஞ்சு சேர்ந்து நாஸ்தா பண்ணிக்கலாம்" என்றார்.

அன்றைக்கு அவர் மரத்தடியில் நிற்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு எங்களோடு உள்ளே வந்தார். எங்கள் முறை வந்தது. பீடத்துக்கு முன்னால் நான் கையைக் குறுக்காகக் கட்டியதும் முன்வரிசைகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது, காதில் நன்றாக விழுந்தது. அந்தப் பக்கம் அவரும் என்னைப் பார்த்து அதே மாதிரி கட்டிக்கொண்டார். நடுவில் நின்ற மகள், "ஆமென்" என்று கோவில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். கடிக்கவில்லை. ஃபாதர் முதலில் என் தலையிலும், பிறகு அவர் தலையிலும் கை வைத்தார்.

பெஞ்சுக்குத் திரும்பியதும் பக்கத்து அக்கா குனிந்து, "என்னங்க, இன்னிக்குமா சாப்பிட்டுட்டீங்க?" என்றார்.

"இல்லக்கா, சாப்பிடல" என்றேன்.

வேறு எந்தக் காரணமும் சொல்லவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் நகர்ந்து, என் கணவர் உட்காரவும் இடம் விட்டார்.

தீர்ப்பாயத்தில் எங்கள் விஷயம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. என்ன முடிவு வருமோ, இன்றைக்கும் தெரியாது. வாங்க முடியாது என்று தெரிந்தும், பூசைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே நாங்கள் இரண்டு பேரும் எதுவும் சாப்பிடுவதில்லை. என்றைக்காவது நற்கருணைக்குக் கூப்பிட்டால், சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லும்படி ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.